லெகசிக்காரர்

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அமெரிக்கக் கம்பெனிகளில் 'லெகசி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வயதாகிவிட்டாலும் நிறுத்த முடியாத மென்பொருள் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மற்றொன்று. மென்பொருளை எப்போது மூடுவது என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். ஆள் அதே கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

வேலை மாறாமலே கம்பெனி மாறுவது லெகசிக்காரரின் முதல் இலக்கணம். இந்த இனம் செழித்து வளர்ந்த இடம், பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவுக்கு வெளியே உள்ள மால்வெர்ன். 1969இல் தொடங்கிய ஷேர்ட் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அங்கே பெரிய மெயின்ஃபிரேம்களை வைத்துக்கொண்டு, பல மருத்துவமனைகளின் பில்களைத் தொலைபேசி இணைப்பு வழியாகப் போட்டுக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் ஒரே மாவு மில் மாதிரி. 2000இல் அதை ஜெர்மனியின் சீமன்ஸ் வாங்கியது. 2015 பிப்ரவரியில் சீமன்ஸின் அந்தப் பிரிவை மிசூரி மாநிலத்துச் செர்னர் 130 கோடி டாலருக்கு வாங்கியது. 2022 ஜூனில் செர்னரையே ஆரக்கிள் சுமார் 2,800 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. ஆக, 1990களில் மால்வெர்னில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே நான்கு முதலாளிகளைப் பார்த்திருக்க முடியும். குடித்தனக்காரர் அப்படியே இருக்க வீடு மட்டும் கைமாறிக்கொண்டிருப்பது போன்ற பிழைப்பு இது. ஒவ்வொரு புது வீட்டுக்காரரும் முதல் நாள் இனிப்புக் கொடுக்கிறார். இரண்டாம் மாதம் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.

லெகசிக்காரரை அடையாளம் காண மேசை இழுப்பறையைத் திறந்தால் போதும். பழைய அடையாள அட்டைகள் கழுத்துப் பட்டையோடு சுருட்டி வைத்திருக்கும். அட்டைக்கு அட்டை கம்பெனிப் பெயர் மாறும், தலைமுடி குறையும். கம்பெனி கைமாறும்போதெல்லாம் ஒரு காபிக் கோப்பையும் ஒரு டி-ஷர்ட்டும் வரும். டி-ஷர்ட் நேராகக் கார் துடைக்கப் போய்விடும். இப்போதைய கம்பெனியின் கோப்பையில் பேனா நிற்கும். காபி குடிப்பதென்னவோ இரண்டு கம்பெனிக்கு முந்தைய கோப்பையில்தான். பிடி உடைந்திருந்தாலும் அதில்தான்.

பேச்சிலும் அடையாளம் உண்டு. "நாம் அதை 98லேயே செய்து பார்த்தாயிற்று" என்று அவர் சொன்னால், அந்த 'நாம்' கலைந்துபோன கம்பெனியைக் குறிக்கும். தமிழில் நாம், நாங்கள் என்று பிரித்துச் சொல்ல வழியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், எதிரே இருக்கும் புது மேலாளர் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டுவார். பாதி சண்டைகள் இந்த இலக்கணக் குறையால் தள்ளிப்போகின்றன.

மீதிப் பாதி நடந்தே தீரும். செர்னரில் ஊழியர் என்ற சொல் கிடையாது, எல்லாரும் 'அசோசியேட்' என்றிருந்தது. அந்தக் கம்பெனியின் பழக்கவழக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு ஊரறிந்த சான்று ஒன்று உண்டு. அதை நிறுவியவர்களில் ஒருவரான நீல் பேட்டர்சன் 2001 மார்ச்சில் சுமார் 400 மேலாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கார் நிறுத்துமிடம் காலை ஏழரைக்கும் மாலை ஆறரைக்கும் நிறைந்திருக்க வேண்டும், இரண்டு வாரம் அவகாசம் என்பது அதன் சாரம். மின்னஞ்சல் வெளியே கசிந்தது. மூன்றே நாளில் பங்கு விலை 22 சதவீதம் போல விழுந்தது. கார்கள் வந்து சேருமுன் முதலீட்டாளர்கள் கிளம்பிவிட்டார்கள். பதினான்கு ஆண்டு கழித்து அந்தக் கம்பெனியின் கைக்கு வந்த மால்வெர்ன் லெகசிக்காரர் முதல் வாரமே இந்தக் கதையைத் தேடிப் படித்துவிட்டு, ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தும் ரகம்.

மென்பொருளிலும் மாமியார் மருமகள் கதைதான். ஷேர்ட் மெடிக்கல் காலத்து இன்விஷன், சீமன்ஸ் கொண்டுவந்த சோரியன், செர்னரின் மில்லெனியம் என்று வரிசை. சோரியனைக் குறைந்தது பத்து ஆண்டாவது பராமரிப்போம் என்று செர்னர் வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்தது. பராமரிக்கும் ஆட்களுக்கு அப்படி வாக்கு எதுவும் இல்லை. மாறாக, அதே 2015இல் விருப்ப விலகல் திட்டம் ஒன்று வந்தது. வயதையும் பணியாண்டுகளையும் கூட்டினால் வரும் எண் குறிப்பிட்ட அளவைத் தொட்டவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம். லெகசிக்காரர் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் இவ்வளவு சுலபமாகத் தேறியதில்லை.

விரும்பாதவர்களுக்குப் பிற்பாடு வேறு வழி வரும். நாள்காட்டியில் திடீரென்று பதினைந்து நிமிடக் கூட்டம் ஒன்று முளைக்கும். அழைப்பில் தன் மேலாளரும், பெயர் தெரியாத ஒரு மனிதவளத்துறைக்காரரும் மட்டும் இருப்பார்கள். அப்புறம் காகிதம் வரும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பலரைச் சேர்த்து அனுப்பும்போது, பணம் வாங்கிக்கொண்டு வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்க, நாற்பது வயது நிறைந்தவருக்கு 45 நாள் தர வேண்டும். போட்ட பிறகு மனம் மாற 7 நாள். கூடவே, யாரை அனுப்புகிறார்கள், யாரை வைத்துக்கொள்கிறார்கள் என்ற பட்டியலும் தர வேண்டும். அதில் பெயர் இருக்காது. பதவியும் வயதும் மட்டும். லெகசிக்காரர் சமையலறை மேசையில் பட்டியலை விரித்து, 'சீனியர் சிஸ்டம் அனலிஸ்ட், 59' என்ற வரியில் விரலை வைத்துத் தன்னைக் கண்டுகொள்வார். அடுத்த வரியின் 61 யார் என்று கணிப்பதில் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முப்பது ஆண்டு மருத்துவமனைப் பில் போட்டவருக்கு மருத்துவக் காப்பீடு அப்போதுதான் முதல்முறையாகக் கைக்காசில் புரிகிறது. கோப்ரா என்ற சட்டத்தின் கீழ் பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி கட்டிய பங்கையும் தானே கட்ட வேண்டும், நிர்வாகச் செலவுக்கென்று மேலே 2 சதவீதம். அந்தத் தொகையைப் பார்த்ததும் முதலில் கணக்குத் தப்பு என்றுதான் நினைப்பார். சரிபார்ப்பார். சரியாக இருக்கும்.

போகுமுன் கே.டி. எனப்படும் அறிவு ஒப்படைப்பு நடக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முப்பது ஆண்டை ஓர் இளைஞருக்கு ஊட்டுவது திட்டம். "சார், இந்த வரி எதற்கு?" என்று இளைஞர் கேட்பார். "எடுத்துப் பாருங்கள், தெரியும்" என்பார் இவர். மிரட்டல் அல்ல, அவருக்கே வேறு விளக்கம் தெரியாது. இளைஞர் அதையும் ஆவணத்தில் எழுதிக்கொள்வார்.

மாதக் கடைசியில் யாரோ ஒருவர் அந்த வரியை எடுத்துப் பார்ப்பார். ஏதோ ஒரு மருத்துவமனையில் பில் ஓடாமல் நிற்கும். லெகசிக்காரரின் கைப்பேசி ஒலிக்கும். ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக, மணிக்கு இவ்வளவு என்று பேசி, ஆறு மாத ஒப்பந்தத்தில் திரும்பி வருவார். அந்த ஏஜென்சி அவருடைய ஐந்தாவது முதலாளி. அட்டையில் 'விசிட்டர்' என்றிருக்கும். காபி இயந்திரம் எந்தப் பக்கம் என்று வரவேற்பறைப் பெண் கைகாட்டி விளக்குவார். இவரும் கவனமாகக் கேட்டுக்கொள்வார்.