சோளகத்தில் ஒரு சைக்கிள்

வேலணைத் தீவின் சரவணையில் பிறந்தவனுக்கு நடையும் சைக்கிளும் ஒருநாளும் பொழுதுபோக்காகப் பட்டதில்லை. கோயிலுக்கு நடை, வேலணைச் சந்தைக்குச் சைக்கிள், அவ்வளவுதான். ஆகவே போன ஆடியில் கனடாவிலிருந்து வந்த பேரன், "அம்மப்பா, நாளைக்கு ஹைக்கிங், சைக்கிளிங், இரவு சாட்டிக் கடற்கரையிலை காம்பிங்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபதுகளில் நானும் மூன்று கூட்டாளிகளும் இதையேதான் செய்தோம். அதற்கு இவ்வளவு பெயர்கள் இருப்பதுதான் தெரியாமல் போயிற்று.

கூடாரம் என்றது அம்மாவின் பழைய சேலையும் நாலு பனைமட்டையும். சாட்டி மணலில் கட்டிய அதை முதல் இரவே சோளகக் காற்று கொண்டுபோய்விட்டது. விடிய, பாணும் சம்பலும் தின்றுவிட்டுப் புங்குடுதீவுக்குப் புறப்பட்டோம். நான் போனது ஐயாவின் றலி சைக்கிளில்; அங்கே யாராவது பார்க்கமாட்டார்களா என்ற நப்பாசையில் நான் பெல்பொட்டம் அணிந்திருந்தேன். பார்த்தது சைக்கிள் சங்கிலி ஒன்றுதான், அதுவும் வலது காலைக் கவ்விப் பிடித்துப் பார்த்தது.

புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் போகும்போது முகத்தில் அறைந்தாலும், திரும்பும்போது அதுவே பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டுவரும் என்பது எங்கள் கணக்கு. கணக்குச் சரிதான்; திரும்பும் வழியில், நட்ட நடுத் தாம்போதியில், என் பின்சில்லுக்குக் காற்றுப் போனதுதான் கணக்கில் இல்லாதது. ஊரையே தூக்கும் காற்று முதுகில் அடிக்க, காற்றில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். நல்ல சைக்கிள் வைத்திருந்த மூன்று பேரும், ஒரு வார்த்தை பேசாமல், இறங்கி என்னோடு நடந்தார்கள்.

1990இல் போருக்குத் தப்பித் தீவை விட்டு ஓடியபோது அந்த றலியும் எங்களோடு யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்தது. பொருளாதாரத் தடைக் காலம், மின்சாரம் கிடையாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்து, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டுப் பிபிசி தமிழோசை கேட்டோம். இதைச் சொன்னதும், ரொறன்ரோவில் தானும் மாதாமாதம் காசு கட்டி, நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிப்பதாகப் பேரன் சொன்னான்.

"அதிலை என்ன செய்தி வரும்?"

"கலோரி, அம்மப்பா."

அவனை மட்டும் சொல்லி என்ன? 1971 கிளர்ச்சிக்காரரை அடைத்துவைத்த எங்கள் பக்கத்து ஹமன்ஹீல் கடற்கோட்டையே இன்று கடற்படை நடத்தும் ஹோட்டல். அன்று பிடித்துக்கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் இன்று காசு கொடுத்துப் படுக்கிறார்கள்.

பேரனுக்கும் அதே தாம்போதியில் சில்லுக் காற்றுப் போனது. ஒரு போன்; அரை மணித்தியாலத்தில் வான் வந்தது. ஏசிக்குள் உட்கார்ந்து, கடலைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அன்றைய நடை குறைந்துவிட்டதென்று கைமணிக்கூடு முறைப்பாடு வைக்க, பயல் இரவு பத்து மணிக்குச் சாட்டி மணலில், கடையில் வாங்கிய கூடாரத்தைத் தன்னந்தனியே சுற்றிச் சுற்றி நடந்தான். அந்தக் கூடாரத்தைச் சோளகத்தால் அசைக்க முடியவில்லை. எனக்கு அதுவும் ஒரு குறையாகவே பட்டது.

தாம்போதியில் இன்றைக்கும் ஒட்டுப் போடக் கடை இல்லை. போகிறவர்கள் பம் கொண்டுபோக மறந்தாலும் பரவாயில்லை; இறங்கி நடக்கக்கூடிய கூட்டாளி ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.