கெலிஓயாவின் வருங்காலக் கலாநிதி

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கம்பளை வீதியில் சிறிது தொலைவிலுள்ள கெலிஓயாவில் அடிக்கடி காணக்கூடிய மனித வகைகளுள் ஒன்று தற்காலிக உதவி விரிவுரையாளர், அதாவது சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்புப் பெற்று, ஒப்பந்த அடிப்படையில் பீடத்தில் செய்முறை வகுப்புகளை நடத்திக்கொண்டு, மீதி நேரத்தில் ஐரோப்பாவில் கலாநிதி ஆய்விடம் தேடுபவர். பயணம் உறுதியாவதற்கு முன்பே ஊர் இவரை ‘டொக்டர்’ என்று அழைக்கத் தொடங்கி, காய்ச்சலுக்கு எந்தக் குளிசை நல்லது என்றும் விசாரித்துவிடுகிறது.

ஜேர்மனி, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளமும் விடுமுறையும் வரிப்பிடித்தமும் உள்ள ஊழியர் என்பதும், பேராசிரியர் ஆய்வுத் திட்டமொன்றுக்கு நிதி பெற்று அதற்கு ஆள் எடுக்கிறார் என்பதும் இவருடைய வீட்டில் எவருக்கும் விளங்குவதில்லை. ஜேர்மனியில் ஆய்வாளரின் ஒப்பந்தம் 65 வீத வேலைக்கென எழுதப்படுவதுண்டு. சம்பளம் அந்த அளவுக்கே கிடைக்க, எஞ்சிய நேரமும் ஆய்வேட்டுக்கே போய்விடும். இதைக் கேட்ட மாமா, “மிச்சம் முப்பத்தஞ்சு வீதத்துக்கு என்ன செய்யப் போற மகன்?” என்று கவலைப்படுகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்தில், ஆய்வாளரை வேலைக்கு எடுக்கும் நாட்டில் அவர் முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது என்றொரு விதி உண்டு. இந்த ஒரு தகுதியை மட்டும் நம்மவர் பிறந்த நாள் முதல் எக்குறையுமின்றிப் பேணி வருகிறார்.

சுவீடனில் விளம்பரமொன்று நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு முடிவடைந்தால், குளிர்காலத்தில் நாலரை மணித்தியால வேறுபாட்டினால் அது இலங்கையில் அதிகாலை 4.29 ஆகிறது. சுபஹு பாங்குக்கு முன்பே அறையில் வெளிச்சம் தெரிவதைக் கண்ட உம்மா, மகன் தஹஜ்ஜத் தொழ எழுந்திருப்பதாக எண்ணி அல்லாஹ்வைப் புகழ்கிறார். மகனோ சான்றிதழ்களின் கோப்பு அளவைக் குறைக்க முடியாமல் அதே அல்லாஹ்விடம் உதவி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இவ்வகையினரின் தலையாய படைப்பு விண்ணப்பக் கடிதமாகும். மண்ணிலுள்ள நைதரசனை அளக்கத் தெரிந்த ஒருவர் தேவை என்று கேட்ட பேராசிரியருக்கு, அவருடைய உலகப் புகழை ஒரு பந்தியிலும், பால பருவம் தொட்டுத் தம்மை வாட்டும் அறிவுத் தாகத்தை இரு பந்திகளிலும் எழுதி, வாய்ப்புக் கிட்டினால் என்றும் நன்றி மறவேன் என்று முடிக்கிறார். அதே நைதரசன் அளவீட்டை ஆண்டுதோறும் மாணவர்களுக்குத் தாமே கற்பித்து வருவதைக் கடைசி வரியிலும் குறிப்பிடுவதில்லை, தற்பெருமை கூடாதாம்! க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்ந்து கலாநிதிகளாகத் திரும்பிய வரலாற்றைப் பேசி வளர்ந்த பேராதனைச் சூழலில், குருவைத் தேடிச் செல்வதே ஆய்வு என்ற எண்ணம் ஊறியிருப்பதில் வியப்பில்லை. ஆயினும், வேலைக்கு ஆள் தேடுபவருக்கு வாழ்த்துப்பா அனுப்புவது வீண் வேலையே.

ஆகவே கெலிஓயா மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவரைச் சந்தியில் காணும்போதெல்லாம் “எப்ப பயணம்?” என்று கேட்பதை விடுத்து, ஒருமுறை அந்தக் கடிதத்தை வாங்கி, அவருக்குத் தெரிந்த வேலை முதற்பந்தியில் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.