சபாஷ் சொல்லிக் கெட்டவர்கள்

தமிழ் வில்லன் முதன்முதலில் தோற்றது ஒரு மலை உச்சியில். சினிமா என்ற ஒன்றை எவரும் கனவிலும் கண்டிராத காலம். குண்டலகேசிக் கதையில் வரும் காளன் கைதேர்ந்த கள்வன். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்பட்ட அவனை மாடத்திலிருந்து பார்த்த செட்டியார் மகள் பத்திரை, காதலித்துத் தொலைக்கிறாள். அப்பா பணத்தைக் கொட்டி மாப்பிள்ளையை மீட்டு வருகிறார். கொஞ்ச நாள் சுகமாகப் போகிறது. ஒருநாள் ஊடலில் பத்திரை, 'நீ திருடன்தானே' என்று சொல்லிவிட, ஐயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. (திருடனைத் திருடன் என்றால் அவனுக்கு ரோஷம் வருவது நம் ஊரில் இன்றும் மாறவில்லை.) மலை மேல் அழைத்துப் போய் நிறுத்தி, 'உன்னைக் கொல்லப் போகிறேன்' என்று முறைப்படி அறிவித்தான். தள்ளிவிட்டு அப்புறம் அறிவித்திருக்கலாம். அவளோ, சாகும் முன் கணவனை மூன்று முறை வலம் வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டாள். கும்பிடு என்றதும் நம் ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். சுற்றி வந்தவள் முதுகுப் பக்கம் நின்று ஒரே தள்ளு.

நம் பெரிய வில்லன்கள் அத்தனை பேரும் இந்தக் காளன் வம்சம். கெட்டவனாவதற்கு ஒரு கத்தி போதும். பெரிய வில்லனாவதற்கு ரசனை வேண்டும். அந்த ரசனையாலேயே அவன் நாசமாகவும் வேண்டும். கொல்ல வந்த இடத்தில் பாட்டுக் கேட்க உட்காருவது, சுட வேண்டிய நேரத்தில் சிரிப்பது, போட்ட திட்டத்தை எதிரிக்கே விளக்கிச் சொல்வது, இதையெல்லாம் திரைக்கதை ஓட்டை என்று இன்றைய புத்திசாலிகள் சொல்கிறார்கள். ஓட்டை இல்லை ஐயா, குலதர்மம்.

நம்பாதவர்கள் 1948-க்கு வாருங்கள். ஜெமினி எஸ்.எஸ். வாசன் ஆண்டுக்கணக்கில் எடுத்து, பணத்தைத் தண்ணீராய் இறைத்து வெளியிட்ட 'சந்திரலேகா'. ரஞ்சன் ஏற்ற சசாங்கன், அண்ணனின் ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டவன். குதிரை ஏறுவான், வாள் வீசுவான், ஆள் பார்க்கவும் அண்ணனைவிட லட்சணம். எல்லாம் இருந்தும் டி.ஆர். ராஜகுமாரி ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார்: கல்யாணத்துக்குச் சம்மதம், ஆனால் அதற்கு முன் முரசு நடனம் நடக்க வேண்டும். சசாங்கன் தலையாட்டுகிறான். அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக முரசுகள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம் போன்ற அளவு. மேலே பெண்கள் ஏறி ஆடுகிறார்கள். இத்தனை பெரிய முரசு எதற்கு, உள்ளே என்ன இருக்கிறது, தூக்கி வந்தவன் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறான் என்று அந்த அரண்மனையில் ஒருத்தனும் கேட்கவில்லை. ராஜாவே ஆட்டத்தில் சொக்கிப் போயிருக்கும்போது காவல்காரனுக்கு என்ன வந்தது? ஆட்டம் முடிகிறது. முரசுத் தோல் கிழிகிறது. உள்ளேயிருந்து வாளும் கையுமாய் வீரர்கள் குதிக்கிறார்கள். ஒரு நடனத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்த குற்றத்துக்காக ராஜ்யம் போனது. கலைக்கு இவ்வளவு பெரிய நன்கொடை கொடுத்த மன்னன் நம் வரலாற்றிலேயே கிடையாது.

இரண்டே ஆண்டில் காளனே நேரில் திரும்பி வந்தான். குண்டலகேசிக் கதையைக் கலைஞர் கருணாநிதி நாடகமாக்க, 1950-இல் அது மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' ஆனது. எஸ்.ஏ. நடராஜன்தான் பார்த்திபன்: ராஜகுருவின் மகன், ராத்திரியில் கொள்ளைக்காரன். அப்பா ராஜகுருவாக எம்.என். நம்பியார். இந்தத் தொழிலை விட்டுவிடேன் என்று அப்பா கேட்டால், கொள்ளையடிப்பது ஒரு கலை என்று மகன் வியாக்கியானம் செய்கிறான். இதைவிடத் தெளிவாக ஒரு வில்லன் தன் கொள்கையைச் சொல்ல முடியாது. அடுத்து, மனைவியை மலைக்கு அழைத்துப் போகிறான். சும்மாவா? திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பின்னணியில் பாட, 'வாராய் நீ வாராய்' என்று டூயட் பாடிக்கொண்டே. கொலைக்கு அழைத்துப் போகும் பெண்ணோடு இவ்வளவு சுருதி சுத்தமாகப் பாடியவன் உலகத்தில் வேறு எவனும் இருப்பானா என்பது சந்தேகம். உச்சிக்குப் போனதும் பழைய கதைதான்: மூன்று சுற்று, ஒரு தள்ளு. நூற்றாண்டுகள் ஓடியும் வம்சத்தில் ஒருவனுக்கும் 'சுற்றுவதெல்லாம் வேண்டாம், அங்கேயே நின்று கும்பிடு' என்று சொல்லத் தோன்றவில்லை.

காங்கேயத்துக்காரர் பி.எஸ். வீரப்பா வந்த பிறகு ரசனைக்குச் சத்தம் கூடியது. அந்தச் சிரிப்பை இங்கே எழுதிக் காட்ட எழுத்து போதாது. வேலை முடிந்த பிறகு சிரிப்பவன் சாதாரணமானவன். வீரப்பா வேலையைத் தொடங்கும் முன்பே சிரித்துவிடுவார். எதிரிக்கு ஓடித் தப்பிக்க அந்த அவகாசம் தாராளம். 1957-இல் 'மகாதேவி'யில் ஒரு பெண்ணை மிரட்டுவதற்குக்கூட மோனை பார்த்து வசனம் பேசினார். மிரட்டல் பலிக்கவில்லை, மோனை மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு, அதே ஜெமினி, அதே வாசன், 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். அந்தக் காட்சியில் கதாநாயகன் ஜெமினி கணேசன் என்ன செய்தார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். வீரப்பா என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். "சபாஷ், சரியான போட்டி!" என்றார். சந்திரலேகாவில் முரசைப் பார்த்து ஒருவன் கெட்டு முழுதாகப் பத்து ஆண்டு ஆகியும், அந்த ஸ்டூடியோவில் வில்லன்களுக்கு நடனக் கச்சேரியைத் தவிர்க்கச் சொல்லி யாரும் ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பவில்லை. திரையில் இப்படிக் கொக்கரித்த மனிதர், சொந்தமாகப் படம் எடுத்தபோது வைத்த பெயர்கள்: 'ஆலயமணி', 'ஆண்டவன் கட்டளை'.

நம்பியார் கதை இன்னும் விசித்திரம். சைவம், குடிப்பழக்கம் கிடையாது, ஆண்டு தவறாமல் மாலை போட்டுச் சபரிமலை ஏறும் குருசாமி. பின்னால் எத்தனையோ நடிகர்கள் அவர் தலைமையில்தான் மலைக்குப் போனார்கள். திரையில் அவர் வந்து நின்றாலோ, தாய்மார்கள் சாபம் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். 1965-இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சாட்டையும் கையுமாய் வருகிறார். கோழை எம்.ஜி.ஆரை விளாசித் தள்ளியவர், அதே முகத்தோடு வீர எம்.ஜி.ஆர். ஒருவர் வீட்டுக்குள் வந்திருப்பது தெரியாமல் பழக்க தோஷத்தில் அவர் மேலும் சாட்டையைத் தூக்குகிறார். சாட்டை கை மாறுகிறது. அடியோடு போனால் பரவாயில்லை. எம்.ஜி.ஆர். படியில் ஏறி இறங்கிப் பாட்டு வேறு பாடுகிறார். அத்தனை சரணமும் முடிகிற வரை காத்திருந்த பொறுமையை, நாற்பத்தொரு நாள் விரதம் இருந்த மனிதரிடம்தான் எதிர்பார்க்க முடியும்.

ஆனாலும் வம்சத்தின் மணிமகுடம் டி.எஸ். பாலையாதான். 1936-இல் 'சதி லீலாவதி'யில் பாலையா வில்லன். அதே படத்தில்தான் எம்.ஜி.ஆருக்கும் முதல் வேடம், சின்னதாய் ஒரு போலீஸ்காரர். அந்தப் போலீஸ்காரர் பிற்பாடு எங்கெங்கோ போய்விட்டார், அது வேறு கதை. பாலையா ஏறக்குறைய முப்பது ஆண்டு ஊறி, 1965-இல் 'திருவிளையாடல்' படத்து ஹேமநாத பாகவதராக வந்து உட்கார்ந்தார். பட்டு, சந்தனம், சீடர் கூட்டம், உதட்டுக்கோணத்தில் ஓர் இளக்காரம். 'ஒரு நாள் போதுமா' என்று பாலமுரளிகிருஷ்ணா குரலில் சபையையே புரட்டிப் போட்டுவிட்டு, என்னை வெல்ல ஆளில்லை என்றால் பாண்டிய நாடே எனக்கு அடிமை என்கிறார். பாண்டியனிடம் படை இருந்தது, யானை இருந்தது. பதில் பாட்டுப் பாட ஒரு பாணபத்திரர்தான் இருந்தார், அவரும் பயந்து கோயிலில் போய் விழுந்துவிட்டார்.

ராத்திரி, பாகவதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணைப் பக்கம் ஒரு விறகுவெட்டி வந்து பாடுகிறான். விறகுவெட்டி சாட்சாத் சிவபெருமான் என்பதும், சிவபெருமான் சாட்சாத் சிவாஜி கணேசன் என்பதும் பாகவதருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சங்கீதம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காது கேளாத வில்லன் என்றால் போர்வையை இழுத்து மூடித் தூங்கியிருப்பான். காலையில் சபைக்குப் போய், எதிரே பாணபத்திரர் நடுங்கிக்கொண்டு நிற்க, நாட்டை எழுதி வாங்கியிருப்பான். பாலையாவால் அது முடியவில்லை. முதல் இழுப்பிலேயே முகம் மாறுகிறது. யாரப்பா நீ என்று விசாரிக்கிறார். பாணபத்திரர் தகுதியில்லை என்று கழித்துவிட்ட ஆள் என்று பதில் வருகிறது. கழித்துவிட்டதே இப்படி என்றால் வைத்திருப்பது எப்படி இருக்கும்! மனுஷன் பொழுது விடிவதற்குள் ஊரைக் காலி செய்கிறார். பாண்டிய நாட்டைக் காப்பாற்றியது கடவுள் என்று புராணம் சொல்லும். பாகவதரின் காதுக்கும் அதில் பாதிப் பங்கு கொடுப்பதுதான் நியாயம்.

வில்லன்களுக்கு இந்த உலகம் நியாயம் செய்யவில்லை என்று உணர்ந்து சொந்த மேடையே போட்டவர் ஆர்.எஸ். மனோகர். படத்தில் அடி வாங்கிவிட்டு நாடகத்தில் ராவணனாக வந்து நிற்பார். 'இலங்கேஸ்வர'னில் கதாநாயகனே அவன்தான். இந்திரஜித், சிசுபாலன், நரகாசுரன், சூரபத்மன் என்று புராணத்தில் தோற்ற கட்சி முழுவதையும் கூட்டிவந்து ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினார்.

எம்.ஆர். ராதா இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர். 1954-இல் 'ரத்தக்கண்ணீ'ரில் அவருக்கு எதிரியே தேவைப்படவில்லை; நாயகனும் வில்லனும் நையாண்டிக்காரனும் அவரே. ஆனால் 1967 ஜனவரியில், பாட்டும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், நிஜமாகவே எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். படுத்திருந்த படம் போஸ்டராக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில், தொகுதிப் பக்கம் போகாமலே பரங்கிமலையில் அவர் ஜெயித்தார். வம்ச வழக்கத்தை மீறினாலும் முடிவு மாறவில்லை.

அதற்குப் பிறகு ஓர் இருண்ட காலம். குகை, கலர் பல்பு, சுழல் நாற்காலி, காரணமில்லாமல் கொதிக்கும் அமிலத் தொட்டி. அறிமுகக் காட்சியில் சொந்த அடியாளையே சுடும் பழக்கம் அப்போதுதான் பரவியது. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளைப் படத்தின் பத்தாவது நிமிடத்தில் கொன்றுவிட்டு, கிளைமாக்ஸில் ஆள் பற்றாமல் முழிப்பவனை எப்படிப் பெரிய வில்லன் என்பது? சத்யராஜ் 'தகடு, தகடு' என்று ஒரே சொல்லை உருட்டி உருட்டி அனுபவித்ததுதான் அந்த வறட்சியில் விழுந்த மழை. 1990-இல் 'புரியாத புதி'ரில் ரகுவரன், 'ஐ நோ' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு முழு ஆலாபனையே செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் வேறு சுருதி, வேறு வலி. கொட்டகையில் பயந்தவர்கள், வீட்டுக்குப் போகும் வழியில் அதையே சொல்லிப் பார்த்தார்கள்.

1999-இல் ஒரு ரஜினி படத்தில் நீலாம்பரி. பிடித்தவன் கிடைக்கவில்லை என்று பதினெட்டு ஆண்டு ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கோபத்தை ஊறவைத்தவள். சாகும்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. மிச்சக் கணக்கை அடுத்த பிறவிக்குத் தள்ளிவைத்தாள். ரஜினி படத்தில் ரஜினியைத் தவிர இன்னொருவர் பேசப்பட்டது அபூர்வம். ரம்யா கிருஷ்ணன் அதைச் சாதித்தார்.

கடைசியாக வம்சத்தில் வந்தவர் எஸ்.ஜே. சூர்யா. 2021-இல் 'மாநாடு'. செத்தால் அதே நாள் மறுபடி தொடங்கும் சுழலில் சிம்பு சிக்குகிறார். போலீஸ் அதிகாரியான வில்லனும் பின்னாலேயே போய் மாட்டிக்கொள்கிறார். கொன்றாலும் வேலை முடிவதில்லை, மறுபடி அதே காலை, அதே நாள். வேறொருவனாக இருந்தால் வெறுத்துப்போய் ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பான். சூர்யா தன் சீரழிவைத் தானே விவரிக்க ஆரம்பிக்கிறார். வந்தான், சுட்டான், செத்தான் என்று தாளம் தட்டாத குறையாக, கையை வீசி, கண்ணை உருட்டி, சலிப்பையே ஒரு கச்சேரியாக நடத்துகிறார். மாநிலமே கலவரத்தில் எரியலாம் என்ற கதையில், கொட்டகையில் இருந்தவர்கள் அந்த இடத்துக்கு எழுந்து நின்று விசிலடித்தார்கள்.