அசல் கரண்ட் கேட்ட ஊர்

பிகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் பராபர் மலை இருக்கிறது. அங்கே அசோகச் சக்கரவர்த்தி கருங்கல்லைக் குடைந்து ஆஜீவகத் துறவிகளுக்குக் குகை கொடுத்தார். உள்சுவரைக் கண்ணாடிபோல இழைத்துக் கொடுத்தவர், 'இன்ன ராஜா கொடுத்தது' என்று கல்லில் வெட்டி வைக்கவும் மறக்கவில்லை. மிக்ஸியிலும் கிரைண்டரிலும் தலைவர் படம் ஒட்டுவது நம் கண்டுபிடிப்பு என்று யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். குகைக்குள் விளக்கு மட்டும் துறவிகள் சொந்தப் பொறுப்பு.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்தும் அந்த வட்டாரத்தில் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. அங்கே மக்தும்பூர் பக்கம் தர்னை என்றொரு விவசாய கிராமம். நடுவில் கொஞ்சநாள் கரண்ட் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் போனது. போனது போனதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் மண்ணெண்ணெய் விளக்கும் டீசலும்தான். இதற்காக டில்லி கவலையே படவில்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கே கிராமத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதற்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1997 வரை, ஊர் எல்லைக்குள் ஏதோ ஒரு காரியத்துக்குக் கரண்ட் பயன்பட்டால் போதும், முழுக் கிராமமும் ஒளிமயம். பிறகு மனசாட்சி உறுத்தி, 2004இல் நூற்றுக்குப் பத்து வீடாவது வேண்டும் என்று கறாராகிவிட்டார்கள். மீதித் தொண்ணூறு வீடும் அந்த வெளிச்சத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

2014இல் பிகார் முதல்வர் ஜீதன் ராம் மாஞ்சி. எந்தத் தொகுதி எம்.எல்.ஏ. என்கிறீர்களா? மக்தும்பூர்தான்.

அந்த வருஷம் ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு தர்னையில் சூரிய மின்நிலையம் கட்டி முடித்தது. மொத்தம் 100 கிலோவாட். அதில் 70 வீடுகளுக்கும் தெருவிளக்குக்கும்; மீதி 30, மூன்று குதிரைத்திறன் மோட்டார் பத்துக்கு. சுமார் 450 வீடுகள். நிலக்கரி இல்லாமலே ஒரு ஊர் தன் கரண்டைத் தானே தயாரிக்கிறது என்று உலகத்துக்குப் பறைசாற்றினார்கள். கேமராக்கள் வந்தன. சூரியனும் தன் பங்குக்குக் காய்ந்தது.

ஊர்க்காரர்களும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். முப்பது வருஷம் காத்திருந்தவன் கரண்ட் வந்தால் என்ன செய்வான்? டிவியைச் செருகுவான், ஃபிரிட்ஜைச் செருகுவான். செருகினார்கள். பேட்டரி சில மணி நேரத்தில் மூச்சை விட்டது. உடனே உபதேசம் ஆரம்பித்தது: எல்.இ.டி. பல்பு போடுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம், சிக்கனமான சாமானாக வாங்குங்கள். சொன்னவர்களின் ஆபீஸ் ஏ.சி. எந்தச் சூரியனில் ஓடுகிறது என்று கேட்கும் அளவுக்கு அந்த ஊர் மரியாதை கெட்டதில்லை. விலைதான் இன்னும் வேடிக்கை: சர்க்கார் மானியத்தில் கம்பி வழி வரும் கரண்டைவிட யூனிட்டுக்குச் சுமார் மூன்று மடங்கு. இருப்பதிலேயே ஏழை, இருப்பதிலேயே அதிக விலை கொடுத்துப் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்பது திட்டம். யூனிட்டுக்கு ஓரிரு பைசா ஏற்றியதற்கே 1972இல் கோவைக்குள் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து நகரத்தையே நிறுத்தியவர்கள் நம் ஊர் விவசாயிகள். அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

ஆகஸ்டில் முறைப்படி திறப்பு விழா. நிதீஷ் குமார் வந்தார். அப்போது முன்னாள் முதல்வர்தான். ஆனால் 'மின்சார நிலைமையைச் சரிசெய்யாவிட்டால் 2015இல் ஓட்டுக் கேட்டு வரமாட்டேன்' என்று 2012 சுதந்திர தினத்தில் பகிரங்கமாகச் சொல்லிவிட்டிருந்தார். ஓட்டுக் கேட்காமல் அரசியல்வாதி வேறு எதைக் கேட்பார்? தேர்தல் நெருங்க நெருங்கக் கம்பத்தைப் பார்த்தாலே பாசம் பொங்கும் நேரம் அது.

ஊர் வரிசையில் நின்று வரவேற்றது. மாலைக்குப் பதில் கோஷம்: எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும், போலிக் கரண்ட் வேண்டாம்! அசல் என்றால் நிலக்கரியை எரித்துக் கம்பியில் வருவது. போலி என்றால், சாட்சாத் சூரிய பகவான் அனுப்புவது.

திறந்துவைக்க வந்த நிலையத்தின் முன்னாலேயே இப்படி நடந்தால் விழாக்குழு முகம் எப்படி இருந்திருக்கும்! ஆனால் காரியம் ஆகிவிட்டது. முப்பது வருஷமாக நகராத ஃபைல் சில நாளில் ஓடி, ஊருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது. இந்தியாவில் எந்த சூரிய மின்நிலையமும் இத்தனை வேகமாக நிலக்கரிக் கரண்டைக் கொண்டுவந்ததில்லை என்று நான் துணிந்து சொல்வேன். தர்னைக்காரர்களை நன்றிகெட்டவர்கள் என்றவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்தக் கூட்டத்தில் மின்வாரியத்திடம் காரியம் சாதிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று படுகிறது.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கம்பிக் கரண்ட் மலிவு; ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். சில வருஷத்தில் பேட்டரிகள் செத்தன. மாற்றப் பணமில்லை, கேட்பாருமில்லை. 2018 அக்டோபரில் பிகாரில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று அரசு அறிவித்தது. தர்னையின் மின்நிலையத்தில் மாடு கட்ட ஆரம்பித்தார்கள். மாடுகள் அசல், போலி என்று எதையும் கேட்டுக் கோஷம் போட்டதாகத் தகவல் இல்லை.