லைனிங் துணி நனைப்பு: பரபக்கமும் சுபக்கமும்

ரவிக்கைக்கு வாங்கிய லைனிங் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் நனைக்க வேண்டுமா, வேண்டாமா என்ற வினா தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் நாள்தோறும் எழுகிறது. நாள்தோறும் விடையும் சொல்லப்படுகிறது. இருந்தும் தீர்ந்தபாடில்லை. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றப் படியேறிய மண்ணில், இதற்கு மட்டும் ஒரு தீர்ப்பு கிடைக்காமல் போனது ரவிக்கைத் துறையின் துரதிர்ஷ்டம். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம் என்க.

தமிழில் ஆய்வு என்றால் சங்க காலத்தில் தொடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். நல்வாய்ப்பாக, சங்கப் புலவர்களிலேயே ஒருவர் ஜவுளிக் கடைக்காரர்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அகமும் பாடினார், புறமும் பாடினார். தம் கடைத் துணி தண்ணீர் பட்டால் எத்தனை விரற்கடை சுருங்கும் என்று மட்டும் அவர் பாடவில்லை. இந்த விஷயத்தில் ஜவுளிக்காரர் வாய் திறக்கமாட்டார் என்பதற்கு நம்மிடமுள்ள மிகப் பழைய சான்று இதுவே.

குறுந்தொகை 330ஆம் பாட்டில் கழார்க் கீரன் எயிற்றியன், பசை தோய்ந்த துணியை அடித்துத் துவைத்துக் குளத்தில் இடும் வண்ணாத்தியைக் காட்டுகிறார். ஆகா, நனைப்புக்கு இலக்கியச் சான்று கிடைத்துவிட்டது என்று முன்நனைவாதிகள் துள்ளலாம். அற்றன்று. என்னை? அந்தத் துணி உடுத்துவதற்கானது, வெட்டித் தைப்பதற்கானது அன்று. வேட்டியும் சேலையும் நான்கு விரல் சுருங்கினால் எவர் கவனிக்கப்போகிறார்? ஒரு சுற்று தளர்த்திக் கட்டினால் போயிற்று. சிக்கல் கத்தரிக்கோலோடும் ஊசியோடும்தான் பிறக்கிறது. ஆகவே சான்று ஏற்கப்படவில்லை. ஆனால் அது தற்செயலாக ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இனி, துணி ஏன் சுருங்குகிறது? தறியில் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை அதன் குறுக்கே மேலும் கீழுமாகப் போய்வரும். நெய்து முடிந்தாலும் இழுப்பு ஓய்வதில்லை. வெளுக்கும்போதும் சாயமேற்றும்போதும் காயவைக்கும்போதும் மில்லில் துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டேதான் ஓட்டுகிறார்கள். இப்படி இழுபட்ட நூலைக் கஞ்சியும் சூடும் அப்படியே பிடித்து நிறுத்திவிடுகின்றன. பீரோவில் எத்தனை மாதம் கிடந்தாலும் அது அசையாது. தண்ணீர் பட்டதும் கதை மாறுகிறது. பருத்தி இழை ஊறிப் பருக்கிறது. பருத்த நூலைச் சுற்றிக்கொண்டு போக மற்ற நூல் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது. வளைவு கூடக்கூட நீளம் குறைகிறது. பாவுதான் அதிகம் இழுபட்டது, ஆதலால் துணியின் நீளம் அகலத்தைவிடப் பெரும்பாலும் அதிகமாகச் சுருங்கும். பாலியெஸ்டர் இழை தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது; ஆகவே இந்த விவாதத்தில் அதற்கு வாக்குரிமை இல்லை.

இதை மில்லிலேயே தீர்த்துவிடலாம் என்று 1930 வாக்கில் ஒருவர் முயன்றார். அமெரிக்காவில் சட்டைக் காலர் செய்துவந்த குடும்ப நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் கிளூயெட் என்பவர், துணியை ஈரமாக்கி, இழுத்து நிற்கும் ஒரு தடித்த பட்டையின்மேல் ஒட்டி, பட்டை சுருங்கும்போது துணியும் கூடவே சுருங்கும்படி ஓர் இயந்திரம் அமைத்தார். அவர் பெயரே ‘சான்ஃபரைஸ்டு’ என்று துணிகளில் முத்திரையாயிற்று. நம் மில் துணி விளம்பரங்களில்கூட ஒரு காலத்தில் அந்தச் சொல் பெருமையோடு நின்றது. சட்டைத் துணிக்கு இந்த மரியாதையெல்லாம் நடந்தது. உள்ளே மறைந்து கிடக்கும் லைனிங் துணிக்கு அதைச் செய்ய யாருக்குப் பொழுதிருக்கிறது?

கருத்து வேறுபாடுகளுக்கு வருவோம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் வைத்து மறுத்துவிட்டுத்தான் தம் கொள்கையைச் சுபக்கத்தில் சொல்கிறார். நாமும் அம்முறையே போவோம்.

முதலாவது கூட்டம் நனையாதார். புதுத்துணிக்கென்று ஒரு மொடமொடப்பு உண்டு, ஒரு வாசனை உண்டு, தண்ணீரில் போட்டால் இரண்டும் போய்விடும் என்பது இவர்களின் முதல் வாதம். தீபாவளிக்கு எடுத்த கோடியின் ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்துகிறோமே, அதை ஏற்கெனவே வாளியில் முக்கி எடுத்திருந்தால் கோடி என்று சொல்ல வாய் வருமா என்று கேட்கிறார்கள். லைனிங்குக்கு யாரும் மஞ்சள் தடவுவதில்லை என்று நாம் விடை கூறலாம். ஆனால் மேல்துணியைப் பொறுத்தவரை வாதம் வலுவானதே. இவர்களின் இரண்டாவது வாதம் தொழில் சார்ந்தது. கஞ்சி உள்ள துணி மேசையில் சொன்னபடி படுக்கும்; சாக்கட்டிக் கோடு அதில் நேராக விழும்; கத்தரிக்கோலுக்கு அடியில் நழுவாது. நனைத்த துணி துவண்டு போய்க் குறுக்கே இழுபடும், ஓரமெல்லாம் பிசிறு. தையற்காரர்களில் கணிசமானோர் மனத்தளவில் இந்தக் கட்சி என்பது எமது துணிபு. மூன்றாவது வாதம் ஒன்று உண்டு, அதற்கு மறுப்பே கிடையாது: நாளை மறுநாள் கல்யாணம்.

இரண்டாவது கூட்டம் தெளிப்பார். வாளி வேண்டாம், கொடி வேண்டாம். கையில் தண்ணீர் எடுத்து உதறித் தெளித்து, மேலே இஸ்திரி போட்டுவிட்டால் சுருங்குவது சுருங்கிவிடும் என்பது இவர்கள் கொள்கை. சூடும் ஈரமும் சேர்ந்தால் துணி கொஞ்சம் சுருங்கும் என்பது மெய்தான். ஆனால் இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கும் அதே கை, சுருங்கிய துணியை மறுபடி நீட்டியும்விடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இந்தக் கொள்கைக்கு அவசர காலத்தில் மட்டும் இடம் உண்டு.

மூன்றாவது முன்நனைவார். இவர்களுக்குள்ளேயே உட்பிரிவுகள் உள்ளன. ஒரு மணி நேரம் போதும் என்பார் சிலர். இரவெல்லாம் ஊற வேண்டும் என்பார் சிலர். பச்சைத் தண்ணீர் என்றும் வெந்நீர் என்றும் பிரிந்து நிற்பார் சிலர். கல்லுப்புப் பிரிவினர்தான் இவர்களில் மிகத் தீவிரமானவர்கள். தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பு போட்டால் சாயம் துணியிலேயே கட்டிக்கொள்ளும் என்பது இவர்களின் அசையாத நம்பிக்கை. சாயப்பட்டறைத் தொட்டியில் உப்புக்கு வேலை இருக்கிறது. சாயத்தை நீரிலிருந்து நூலுக்குள் தள்ள அது உதவும். துணியாகி, கடைக்கு வந்து, பில் போட்டு, வீட்டுக்கும் வந்துவிட்ட பிறகு உப்பு எதையும் கட்டிவைப்பதில்லை. போகிற சாயம் போயே தீரும். முதல் அலசலிலேயே போனால் நல்லது. வெள்ளைச் சேலையோடு சேர்ந்து அலசும்போது போகாமல் இருக்கும்.

சாயம் போவதே சிறப்பு என்று உலகை நம்பவைத்த ஊர் நம் ஊர்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட்டால் ஆய்வு முழுமை பெறாது. சென்னைப் பக்கத்துக் கட்டம் போட்ட கைத்தறித் துணி 1958இல் அமெரிக்காவுக்குப் போனது. அனுப்பியவர் பின்னாளில் ஓட்டல் அதிபரான கிருஷ்ணன் நாயர். பச்சைத் தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று வாங்கியவரிடம் தாம் சொல்லியனுப்பியதாகவும், அது சட்டை விற்ற கடைவரை போய்ச் சேரவில்லை என்றும் அவர் கதை சொல்வார். சாயம் ஓடியது, புகார் எழுந்தது. கடைசியில் ஒவ்வொரு அலசலிலும் நிறம் கசிந்து கலந்து புது அழகு கொள்ளும் கைத்தறி அதிசயம் என்று பத்திரிகைகளில் எழுதி விற்றுவிட்டார்கள். கறை பட்ட ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் தையற்கடையில் இதே வாதத்தை வைத்துப் பாருங்கள்.

இனிச் சுபக்கம். நனைக்க வேண்டுமா என்று கேட்பதே பிழையான கேள்வி. எதோடு எதைச் சேர்த்துத் தைக்கப்போகிறோம் என்பதுதான் கேட்க வேண்டியது. வண்ணாத்தியின் துணி காட்டிக்கொடுத்த உண்மை இதுதான்: தனித்திருக்கும் துணி சுருங்கினால் அது சின்னதாகும், அவ்வளவே. லைனிங் இல்லாத டூ பை டூ ரவிக்கை சுருங்கினால் உள்ளே விட்டு வைத்த துணியில் ஒரு தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்து, அவற்றில் ஒன்று மட்டும் சுருங்கினால் பிரித்துவிட இடமே இல்லை.

கணக்குப் போடுவோம். லைனிங் நூற்றுக்கு 5 பங்கு சுருங்குகிறது, மேலே உள்ள பட்டோ கிரேப்போ சுருங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரவிக்கையின் உயரம் 14.5 அங்குலம் என்றால் லைனிங் ஏறக்குறைய முக்கால் அங்குலம் மேலேறும். மேல்துணி எங்கே போகும்? லைனிங்கோடு தையலில் பிணைந்து கிடக்கிறது, ஓட முடியாது. முதுகில் குமிழி குமிழியாக எழும், அக்குளில் சுருக்கம் கட்டும், கைமுனை உள்பக்கம் சுருளும். இஸ்திரி போட்டால் அமுங்கும்; போட்டுக்கொண்டு வெளியே போனதும் மீண்டும் எழும்.

சேலை ஃபால்ஸுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஃபால்ஸ் இரண்டரை மீட்டர் என்று கொண்டால் அதே கணக்கில் பன்னிரண்டரை சென்டி சுருங்கும். அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். சேலை சுருங்காமல் ஃபால்ஸ் மட்டும் சுருங்கினால், கொசுவம் நிற்க வேண்டிய இடத்தில் கரை முழுவதும் ஜன்னல் திரை போலக் கொய்து நிற்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த சேலையை நூறு ரூபாய்கூடப் பெறாத நாடா தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆகவே விதி: உள்ளே போவதை நனை, மேலே வருவதைப் பொறுத்துப் பார், பட்டையும் ஜரிகையையும் தண்ணீர்ப் பக்கமே காட்டாதே. ஐயமிருந்தால் துணியின் ஓரத்தில் பத்து அங்குலத்துக்கு ஒரு சதுரம் வரைந்து, நனைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து பார். திருவள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வைத்தது இதற்காக இல்லை என்று எவராலும் நிறுவ முடியாது.

நனைக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பாதிப் பேர் நனைப்பதே இல்லை, முக்கி எடுக்கிறார்கள். புது லைனிங்கை வாளியில் போட்டதும் அது மூழ்காது. நடுவில் காற்றடைத்து மேலே மிதக்கும். கையால் அழுத்தினால் குமிழி விடும். கொஞ்ச நேரம் கழித்து நீர் வெண்மையாகக் கலங்கும்: அது கஞ்சி. அதன்பின் மெல்ல நிறம் இறங்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தண்ணீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. கொடியில் நிழலில் விரித்துப் போட வேண்டும். சற்றே ஈரம் இருக்கும்போது, இழுக்காமல், நீளவாக்கில் அழுத்தி அழுத்தி இஸ்திரி. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவருக்கு ஒரு பக்க நன்மையும் கிடைக்கும். கசங்காத துணி என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசைப் பூச்சு இருக்கும். சிலர் தோலுக்கு அது ஆகாது. ஓர் அலசலில் அதில் ஒரு பங்கு கழிந்துவிடும்.

பள்ளிச் சீருடையை இங்கே விலக்கிவைக்கிறோம். துணி சுருங்குவதும் பிள்ளை வளர்வதும் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசையில் நடப்பதால், அதை ஆராயத் தனி நூல் வேண்டும். அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்களையும் ஒரே வரியில் கடந்துவிடலாம். தைத்த பிறகு சுருங்கிச் சுருக்கம் விழுவதையே பழங்காலத்து அழகு என்று ரசிக்கும் ஒரு கூட்டம் அங்கே உண்டு. நம் ஊர்த் தையற்காரர் யாராவது அவர்களைச் சந்தித்தால் விசா கேட்டுவிடுவார்.

எஞ்சியிருப்பது தையற்காரர் தரப்பு. “லைனிங் நனைச்சிட்டீங்களாக்கா?” என்று அவர் கேட்கும்போது அதில் நீரைப் பற்றிய அக்கறை எவ்வளவு, பின்னால் வரப்போகும் சண்டையைப் பற்றிய அக்கறை எவ்வளவு என்பது ஆராயத் தக்கது. நனைத்தேன் என்றால், பின்னர் சுருங்கும்போது, “நல்லா ஊறியிருக்காதுக்கா.” நனைக்கவில்லை என்றால், “நான்தான் அப்பவே கேட்டேனே.” எந்த விடைக்கும் அவர் கை சுத்தம். மேல்துணியின் மூலையில் ஒரு துண்டைக் கத்தரித்து பில் புத்தகத்தில் ஸ்டேப்ளர் அடித்து வைத்துக்கொள்கிறாரே, லைனிங்கிலிருந்து அப்படி ஒரு துண்டை அவர் ஏன் வைப்பதில்லை என்பதையும் வருங்கால ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

விதியை முழுக்கக் கைக்கொண்டவருக்கும் ஓர் இடறல் உண்டு. 80 சென்டி லைனிங் வாங்கி முறைப்படி நனைத்தால் 76 சென்டி ஆகும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கைக்கு 76 போதாது. ஆகவே கடையில் வாங்கும்போதே ஒரு மீட்டர் வாங்க வேண்டும், எவரும் வாங்குவதில்லை. ரவிக்கை தைத்து வந்து, முதல் துவைப்பில் உடல் பகுதி அப்படியே நிற்க, இரண்டு கையும் மட்டும் சுருங்கிச் சுருண்ட ஒரு நேர்வில் நடந்த உரையாடல் கீழ்வருமாறு.

“அண்ணே, லைனிங்கை நனைச்சுத்தானே கொடுத்தேன்?”

“நனைச்சுத்தான்க்கா கொடுத்தீங்க. கைக்குப் பத்தலை. நம்மகிட்ட இருந்த துணியைப் போட்டு முடிச்சிட்டேன்.”

“அது நனைச்ச துணியா?”

“அதுக்கு நான் காசே வாங்கலையேக்கா.”