நன்றி நவிலலின் தாங்குதிறன்: பொறியாளர் மாலைக்கூட்டங்கள் குறித்து ஒரு கட்டமைப்பாய்வு

பொறியாளர்களின் மாலைக்கூட்டம் எதன் பலத்தில் நிற்கிறது என்ற கேள்விக்கு யாரும் முறைப்படி விடை தேடியதாகத் தெரியவில்லை. பாலத்துக்கும் அணைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இரவு பகலாகப் பளு கணக்கிடுகிறவர்கள், தாங்களே மாதம் ஒருமுறை போய் உட்காரும் அந்த இரண்டு மணி நேர அமைப்புக்கு ஒரு கோட்டுப்படம்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை. அழைப்பிதழைக் கையில் வாங்கும் வெளியாள், நடுவில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் தொழில்நுட்ப உரையின் தலைப்புதான் மற்ற எல்லாவற்றையும் தாங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். தலைப்பு நீளமாக இருப்பதால் இந்த மயக்கம் இன்னும் வலுக்கிறது. இக்கட்டுரையின் முடிபு வேறு. கூட்டத்தைத் தாங்குவது, அழைப்பிதழின் அடியில் சிறிய எழுத்தில், பெரும்பாலும் இணைச்செயலாளர் ஒருவரின் பெயரோடு வரும் ‘நன்றி நவிலல்’ என்ற ஒரே வரி. உரை உள்பட மீதியெல்லாம் உபரி உறுப்புகள்.

மறுப்பாளர்களின் முதல் சான்று வரலாற்றில் இருக்கிறது, ஆகவே அதை முதலில் தீர்த்துவிடலாம். 1818-இல் லண்டன் ஃப்ளீட் தெருவில் கெண்டல் காபி ஹவுஸில் ஹென்றி ராபின்சன் பால்மர் முதலிய சில இளைஞர்கள் கூடிச் சிவில் பொறியாளர் கழகத்தைத் தொடங்கினார்கள். காபி இருந்தது, ஆள் சேரவில்லை. 1820-இல் தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக்கிய பிறகுதான் கழகம் நிமிர்ந்தது. 1828-இல் அரச சாசனமும் வாங்கியது. டெல்ஃபோர்டு உறுப்பினர்களைக் கட்டுரையும் வரைபடமும் கொண்டுவரச் சொன்னார், எனவே காப்பாற்றியது உரைதான் என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே இன்னொரு பழக்கமும் வேர்விட்டது. யார் என்ன சொன்னார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். தன் பெயர் ஏட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவார். கட்டுரை எழுதும் கட்டாயத்துக்காக யாராவது மனமுவந்து ஒரு சங்கத்தில் சேர்ந்திருப்பார்களா என்பதை வாசகரே யோசிக்கட்டும்.

இனி முறையியல். கட்டமைப்புப் பாடத்தில் ஓர் உறுப்பு தேவையா உபரியா என்று அறிய எளிய வழி, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது. இரு முனையும் சுவரில் பதித்த உத்திரத்துக்கு ஒரு தளத்தில் 6 எதிர்விசைகள். கையிலிருக்கும் சமநிலைச் சமன்பாடுகளோ 3. மிஞ்சிய மூன்றும் உபரி. நம் கூட்டமும் அப்படிப்பட்ட உத்திரமே. ஒரு முனையில் தமிழ்த்தாய் வாழ்த்து, மறுமுனையில் நாட்டுப்பண். 2021 டிசம்பரில் வந்த அரசாணை முதலதை 55 விநாடியில் பாடச் சொல்கிறது. இரண்டாவதற்கு ஏறக்குறைய 52 விநாடி. மாலை முழுவதிலும் கால அளவு வரையறுக்கப்பட்டு, அந்த அளவுக்குள் முடிந்தும்விடுகிற உருப்படிகள் இவை இரண்டுதான். நடுவில் உள்ள இடைநீளம் எவ்வளவு என்பது கடவுளுக்கும் அன்றைய வரவேற்புரையாளருக்குமே வெளிச்சம். அரை மில்லிமீட்டர் பிசகினால் காண்ட்ராக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் ஒரு தொழில், ‘சரியாக 6 மணிக்கு’ என்று அச்சிட்டுவிட்டு 6.40-க்கு மைக்கைத் தட்டிப் பார்ப்பதை எந்த ஐ.எஸ். விதிக்கோவையின் கீழ் நியாயப்படுத்துகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கலாம். குத்துவிளக்கு ஏற்றுதல்: ஐந்து முகம், மேடையில் ஐந்து பேர், ஒரே மெழுகுவர்த்தி. முதல் திரி தலைவருக்கு, இரண்டாவது சிறப்பு விருந்தினருக்கு என்று மெழுகுவர்த்தி கைமாறி வருவதற்குள் யாரோ ஒருவர் “ஃபேன், ஃபேன்” என்கிறார். ஸ்விட்ச் எது என்று தெரியாமல் இன்னொருவர் மேடை விளக்கை அணைக்கிறார். மின்பொறியாளர், இயந்திரப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் எல்லோருமாகச் சேர்ந்தும் ஐந்தாவது திரி பிடிக்காமல், கடைசியில் மண்டபக் காவலாளி வந்து திரியின்மேல் ஒரு துண்டு கற்பூரம் வைத்துக் காரியத்தை முடிக்கிறார். இது நடக்காவிட்டால் கூட்டம் சரிந்துவிடுமா? இல்லை, எண்ணெய் வாங்க மறந்த நாளிலும் கூட்டம் நடக்கிறது. பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப்பரிசு மூன்றுக்கும் இதே தீர்ப்பு. பேச்சாளர் அறிமுகத்தைப் பேச்சாளரே ‘இவ்வளவு வேண்டாம்’ என்று கையசைத்து நிறுத்தப் பார்க்கிறார். நிற்பதில்லை, ஆனால் நின்றாலும் பாதகமில்லை.

இப்போது உரையையே எடுத்துப் பார்ப்போம். இதற்குச் சான்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது. 1846 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுக்குப் பேச வேண்டியவர் பேசவில்லை. மைக்கேல் ஃபாரடேயே மேடையேறி, சார்லஸ் வீட்ஸ்டனின் கருவி ஒன்றை விளக்கி, நேரம் மிஞ்சிப்போனதால் கதிர்களின் அதிர்வு பற்றித் தன் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்லிவைத்தார். ஒளிக்கும் மின்காந்தத்துக்கும் உள்ள உறவைப் பின்னால் மேக்ஸ்வெல் நிறுவியபோது, அன்றைய இட்டுநிரப்பல் பேச்சு அதற்கு முன்னோடி என்று ஆயிற்று. அறிவித்த உரையை நீக்கினால் கூட்டம் விழாது என்பதோடு, சில நாள் மேலும் உயரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நம்மூரில் பேச்சாளரின் விமானம் தாமதமானால் முன்னாள் தலைமைப் பொறியாளர் ஒருவர் எழுந்து தம் பணிக்காலத்து மதகு ஒன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறார். கேட்பவர்கள் பின்னர் நினைவில் வைத்துக்கொள்வது அந்த மதகைத்தான்.

உரைக்கட்சி வீழ்ந்த இடத்தில் டீக்கட்சி எழுந்து நிற்கும். இது வலுவான கட்சி, உறுப்பினர் எண்ணிக்கையும் அதிகம். போண்டாவும் கேசரியும் காபியும் இல்லையென்றால் யார் வருவார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஹை டீயை உரைக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று செயற்குழுக்கள் விவாதிப்பதையே டீயின் முதன்மைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். முன்னால் வைத்தால் சாப்பிட்டவர் போய்விடுகிறார், பின்னால் வைத்தால் சாப்பிடுகிற நேரத்துக்கு வருகிறார். இந்தக் கட்சியைச் சொற்களால் வெல்வது கடினம். நல்லவேளையாக, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கூட்டங்கள் எல்லாம் வெபினார் ஆயின. டீ அடியோடு நீங்கியது, பொன்னாடை நீங்கியது, விளக்கும் சில இடங்களில் வெறும் படமாகத் திரையில் எரிந்தது. ஆனால் நன்றி நவிலல் நீங்கவில்லை. எதிரே கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்த பெயர்களைப் பார்த்து, “சார், நீங்க மியூட்ல இருக்கீங்க” என்ற குரலுக்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, இணைச்செயலாளர் ஒருவர் விடாமல் நன்றி சொல்லி முடித்தார். கூட்டத்துக்கு வந்தவர் தன் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கருதுகோள்களைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை இதைவிடத் தெளிவாக அமைவது அரிது.

வெபினாரில் கடைசிவரை இருந்ததற்குக் காரணம் நன்றியுரையல்ல, அப்போதுதான் சாட்டில் போடுவார்கள் என்ற கருத்துப் படிவத்தின் லிங்க்கும் அதை நிரப்பினால் வரும் மின்சான்றிதழும்தான் என்று ஒரு மறுப்பு உண்டு. உண்மை. ஆனால் அந்த லிங்க்கை ஏன் உரையின் நடுவில் போடவில்லை? போட்டிருந்தால் உரை அந்த இடத்திலேயே உடைந்திருக்கும் என்பது ஏற்பாட்டாளருக்குத் தெரியும். எந்த உறுப்பு பளு தாங்கும் என்று உள்ளுணர்வால் அறிந்து, அதன்மேல் கொண்டுபோய் வைத்தார். இந்த மறுப்பு நம் பக்கத்துச் சாட்சி.

நன்றியுரைக்கு இந்த வலு எங்கிருந்து வருகிறது? அன்றைய மாலையில் சொல்லப்படுவதில் பிழையற்ற பொறியியல் ஆவணம் அது ஒன்றே. உரை எங்கோ ஒரு நாட்டின் சுரங்கப்பாதையைப் பற்றியது. நன்றியுரை இந்த மண்டபத்தைப் பற்றியது: இடம் தந்தவர், புரொஜெக்டர் தந்தவர், வயர் எட்டாதபோது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடிக் கொடுத்தவர், மாணவர்களை ஆன் டியூட்டியில் அழைத்துவந்து பின்வரிசையை நிரப்பிய பேராசிரியர், மைக் செட், கேட்டரிங். எந்தப் பளு எவர் வழியாக இறங்கியது என்ற வரைபடம் அது. வரிசையும் சரி. ஸ்லாபிலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து ஃபூட்டிங்குக்கு, அங்கிருந்து மண்ணுக்கு என்று பளு இறங்குவதுபோல, நன்றியும் சிறப்பு விருந்தினரில் தொடங்கித் தலைவர், செயற்குழு, ஊழியர் வழியாக ‘இறுதியாக, ஆனால் உறுதியாக’ என்று பார்வையாளரிடம் வந்து சேர்கிறது. பார்வையாளர்தான் மண். மண்ணின் உச்சத் தாங்குதிறனை வழக்கமாக 2.5 அல்லது 3 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்த பிறகே அதன்மேல் கட்டுவார்கள். கூட்ட ஏற்பாட்டாளர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. கேள்வி நேரத்தில் “கேள்வி இல்லை சார், ஒரு கருத்து” என்று எழுந்து, இதெல்லாம் இல்லாமலே கரிகாலன் கல்லணை கட்டினான் என்பதில் தொடங்குகிறவர், மண் அமுங்கத் தொடங்கியதன் அறிகுறி.

இன்னொரு காரணம் வீடு திரும்புதல். ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்ட்டனும் கூடிய பர்மிங்காம் லூனார் சங்கம் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடியது. திரும்பும் வழியில் வெளிச்சம் வேண்டும் அல்லவா. 1920-இல் மதராஸில் பதிவான இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் தமிழ்நாட்டு மையத்துக்கு, சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலைக்கு, வருகிறவருக்கு நிலாக் கவலை இல்லை. பறக்கும் ரயில் கவலை உண்டு. உரையின் நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை. கேள்வி நேரத்தில் போனால் பயந்து போவதுபோல் இருக்கும். நன்றி நவிலலுக்குப் பின் போவது மட்டுமே பழுதற்றது. அதை நீக்கிவிட்டால் ஒருவராலும் எழுந்திருக்க முடியாது.

இதற்கு எதிராக ராயல் இன்ஸ்டிடியூஷனையே திருப்பிக் காட்டலாம். அங்கே மரபுப்படி முகமன் கிடையாது, பேச்சாளர் அறிமுகம் கிடையாது. மணி அடித்ததும் நேரே விஷயம். கூட்டம் நின்றுகொண்டுதானே இருக்கிறது? நிற்கிறது. ஆனால் 1846 சம்பவத்தில் வீட்ஸ்டனே பயந்து ஓடிவிட்டார் என்று ஒரு கதை வழங்கி, பேச்சாளரைக் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் அறையில் வைத்துப் பூட்டும் வழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. உபசாரம் இல்லாத இடத்தில் பூட்டு தேவைப்படுகிறது. நம் மையங்களில் எந்தப் பேச்சாளரையும் பூட்டி வைத்ததில்லை. நினைவுப்பரிசு கடைசியில்தான் என்று அவருக்கே தெரியும்.

‘நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக’ என்று நன்றியுரை தொடங்குவது அது உபரி என்பதை ஒப்புக்கொள்வதாகாதா என்பது எஞ்சிய ஒரே மறுப்பு. ஆகாது. நேரமின்மையால் வாழ்த்துரை நீக்கப்படும், தலைமையுரை நீக்கப்படும், உரையில் நாற்பது ஸ்லைடு “இதை வேகமா தாண்டிடறேன்” என்று நீக்கப்படும். நன்றியுரை சுருங்கும், நீங்காது. தூணை ஒல்லியாக்கலாம், எடுக்க முடியாது.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. எல்லோருக்கும் நன்றி சொன்ன இணைச்செயலாளருக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? வரைபடத்தில் அந்த ஒரு விசைக்கு எதிர்விசை காட்டப்படவில்லை. நாட்டுப்பண் உடனே தொடங்கிவிடுகிறது. நடைமுறையில் இது டிபன் மேசையருகே, “நல்லா சொன்னீங்க சார், யாரையும் விடலை” என்ற ஒரு வாக்கியத்தால் ஈடாகிறது. ஆனால் பேனரைக் கழற்றி, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்து, விருந்தினரைக் கார் வரை கொண்டுவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் மேசையில் சட்னி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இது வடிவமைப்புக் குறைபாடு. அவருக்கு ஒரு தட்டு போண்டாவைத் தனியே எடுத்து மூடிவைக்கும்படி கேட்டரிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கேட்டரிங்காரர் பெயர் நன்றிப் பட்டியலில் விட்டுப்போகாமல் இருந்தால் அவர் செய்வார்.