மாமனாரும் அவுட்

தஞ்சாவூர்ச் சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) பொல்லாதது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைத் தேர்தலுக்கான குடவோலையில் இடக்கூடாது. அவனோடு விட்டார்களா? சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், தாய்மாமன், மைத்துனன், மருமகன், மாமனார் எல்லாரும் அவுட். (மாமனார் செய்த குற்றம், பெண் கொடுத்தது.) இன்றைக்கு அந்த விதி வந்தால், எங்கள் டெல்டாவில் ஓலை எடுக்க வரும் சிறுவன் வெறுங்குடத்தைத்தான் துழாவுவான்.

2025 ஜனவரி 5-ஓடு இங்கே ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் ஊர் ஆபீசில் தலைவர் நாற்காலி காலி. அதன் முதுகில் போர்த்திய தேங்காய்ப்பூத் துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தலைவராக இருந்தவர் பெண். துண்டு, அவர் வீட்டுக்காரருடையது.